பதினோராவது சங்கிலி

உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியாது. மீதிப் பேருக்கு, மறு அளவைப் பயிற்சி வகுப்பில் பின்வரிசையிலிருந்து எழுந்து, "புள்ளிக்கு அப்புறம் இத்தனை இலக்கம் வருதே, இதுல எத்தனைய நம்பலாம்?" என்று கேட்டு வகுப்பைக் கெடுத்த கிழவன் என்ற அளவில் தெரியும். அந்தக் கிழவன்தான் எழுதுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் சித்தூர் ஜில்லாவில் சர்வேயராக நடந்தவன். ஜில்லாவைப் பிரித்துத் திருப்பதியைத் தனியாக்கியபோது ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தவனை இந்த வகுப்புக்குக் கூப்பிட்டார்கள்.

உங்கள் கையில் இப்போது ரோவர் இருக்கிறது. கம்பை ஊன்றினால் வானத்துச் செயற்கைக்கோள்களை விசாரித்து, நிற்கிற இடத்தைத் திரையில் சொல்லிவிடுகிறது. எங்கள் கையில் இருந்தது சங்கிலி. வெயிலில் தொட்டால் சுடும், சேற்றில் இழுத்தால் இரட்டைக் கனம், வேலி முள்ளில் மாட்டினால் அரை மணி நேரம் போச்சு. உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமைதான், ஒளிக்கவில்லை. ஆனால் கருவி எதுவானாலும் கடைசியில் அது உங்களிடம் நீட்டுவது ஓர் எண்ணைத்தான். அந்த எண்ணைப் படித்து ஊர்க்காரர்கள் முன்னால் வாயைத் திறக்க வேண்டியது நீங்கள். நான் சொல்லப்போவது அந்த வாயைத் திறக்கிற நேரத்தைப் பற்றி.

அதற்கு முன் கொஞ்சம் பழங்கதை. பொறுத்துக்கொள்ளுங்கள், கதைக்கு அது வேண்டும்.

பத்து ஏன் பத்து என்று யாராவது கேட்டால் இரண்டு கையையும் நீட்டிக் காட்டுங்கள். விரல் எட்டாக இருந்திருந்தால் எட்டெட்டாக எண்ணியிருப்போம். பத்துப் பத்தாகக் கட்டி எண்ணுவது உலகத்தில் பல பேருக்கு வந்த புத்தி. எழுதுவதில்தான் வித்தியாசம். திருப்பதிக்குப் போனால் தரிசனம் முடிந்த கையோடு லட்டு வரிசைக்கு ஓடாமல் கோவில் சுவரையும் கொஞ்சம் பாருங்கள். நிலம் கொடுத்தது, பொன் கொடுத்தது எல்லாம் பழைய தமிழில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துத் தமிழ் எண்களில் பத்துக்கு ஒரு குறி, நூறுக்கு ஒரு குறி, ஆயிரத்துக்கு ஒரு குறி. இருநூற்று மூன்று என்றால் முதலில் இரண்டு, அடுத்து நூறின் குறி, அடுத்து மூன்று. நடுவில் பத்து ஒன்றும் இல்லையே என்று யாரும் கவலைப்படத் தேவையில்லை. நூறு தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு நின்றது. பின்னத்துக்கு அரை, கால், மா, காணி, முந்திரி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனிக் குறி.

இதே நாட்டில் பெயர் தெரியாத கணக்கர்கள் யாரோ அந்தப் பத்து, நூறு, ஆயிரம் குறிகளையெல்லாம் தூக்கிப் போட்டார்கள். ஒன்று முதல் ஒன்பது வரை போதும், எண் நிற்கிற இடம்தான் அதன் மதிப்பு என்றார்கள். ஓர் இடம் இடப்பக்கம் தள்ளினால் பத்து மடங்கு. சரி, பத்தின் இடத்தில் ஒன்றுமே இல்லையென்றால்? விட்டுவிட்டு எழுதினால் இருநூற்று மூன்று இருபத்து மூன்று ஆகிவிடும். ஆகவே காலியாக இருக்கிறது என்பதையே எழுத வேண்டியதாயிற்று. அதுதான் பூஜ்யம், நம் பக்கத்தில் எல்லோரும் சொல்கிற சுன்னா. 'ஒன்றும் இல்லை' என்பதைக் குறித்து வைக்கவும் ஓர் எழுத்து வேண்டும் என்று நினைத்தவன் காலில் விழலாம்.

அந்தக் கணக்கு அரபு நாட்டுக்குப் போய், அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போய், ஒன்றுக்குக் குறைந்ததை எழுதப் புள்ளி என்ற ஒன்றையும் சேர்த்துக்கொண்டு வளர்ந்தது. பிறகு ஒரு வெள்ளைக்காரர் நிலம் அளக்க நூறு கண்ணி கோத்த சங்கிலி ஒன்று செய்தார். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், அதை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். பெருக்கி வந்த எண்ணில் புள்ளியை ஓர் இடம் தள்ளினால் ஏக்கர் வந்துவிடும். நம்மூர்ச் சுன்னா பாதி உலகம் சுற்றிவிட்டு, துரை கையில் சங்கிலியாக நம் வயலுக்கே திரும்பி வந்தது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

சங்கிலியோடு பத்து இரும்பு அம்புகள் வரும். முழ நீளக் கம்பி, தலையில் வளையம். முன்னால் இழுப்பவர் ஒவ்வொரு சங்கிலி முடிவிலும் ஓர் அம்பைக் குத்துவார். பின்னால் வருபவர் அதைப் பிடுங்கிக்கொண்டே வருவார். அவர் கையில் எத்தனை அம்போ அத்தனை சங்கிலி. பத்தும் சேர்ந்ததும் மொத்தமாக முன்னவரிடம் கொடுத்துவிட்டு, 'ஒரு பத்து' என்று குறித்துக்கொண்டு மறுபடி வெறுங்கையோடு தொடங்குவார். பள்ளிக்கூடத்தில் 'மீதி ஒன்று கையில்' என்று சொல்லிக் கூட்டினீர்களே, அதேதான் வயலில் இரண்டு ஆள் நடந்து போடுகிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கணிதத்தில் பி.எஸ்ஸி. முடித்திருந்தேன், அதைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு திரியாத குறை. எங்கள் டெபுடி இன்ஸ்பெக்டர், நாங்கள் டி.ஐ. சார் என்போம், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏய் பீயெஸ்ஸி, இக்கட ரா" என்பார். தெலுங்கு வீட்டுக்காரர். எல்லை ஊர்களில் நடந்து நடந்து தமிழ் வந்திருந்தது. பருத்த உடம்பு, தலையில் ஈரத் துண்டு, அதன் மேல் தொப்பி. கோபக்காரர். பெயரைப் போட மாட்டேன், போட்டால் மேலே இருந்தே திட்டுவார்.

வரதய்யபாளையத்துக்குக் கிழக்கே, நம் தமிழ்க்காரர்கள் இருக்கிற ஒரு சின்ன ஊர். நிலமே இல்லாத ஐந்து குடும்பங்களுக்கு ஒரே சர்வே நம்பரில் அரசு பட்டா கொடுத்திருந்தது. நாலு மூலைக் கல் உள்ள நீள்சதுரத் துண்டு. மொத்தம் ஆறு ஏக்கர் இருபது சென்ட், 6.20. நாலு குடும்பத்துக்குச் சேர்த்து 4.70. ஐந்தாவது கன்னியம்மாளுடையது. அவள் பெயருக்கு நேரே பழைய ஊர்க் கணக்கர், கர்ணம், எழுதி வைத்தது 1.5.

பள்ளிக்கூடம் போனவன் கண்ணுக்கு அது ஒன்றரை. ஆனால் சென்ட் என்பதை நம் ஊர்களில் பைசா மாதிரித்தான் பேசுகிறோம். "ஒரு ஏக்கரா அஞ்சு சென்ட்" என்று வாயால் சொல்லிக்கொண்டே எழுதுகிறவன், ஒன்று எழுதிப் புள்ளி வைத்து ஐந்து எழுதுவான். அவனுக்கு நடுவில் ஒரு சுன்னா வேண்டும் என்று தோன்றாது. கர்ணம் எந்த ரகம் என்று யாருக்கும் தெரியாது. கேட்கலாம் என்றால் அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன. ஒன்றரையா, ஒன்று-ஐந்தா? இரண்டுக்கும் நடுவில் நாற்பத்தைந்து சென்ட். அந்த நாற்பத்தைந்து சென்ட்டில்தான் கன்னியம்மாள் இரண்டு எருமையை விற்றுப் போட்ட போர்க் கிணறு இருந்தது. போர் போனால் மிச்ச நிலத்தில் கள்ளிதான் வளரும்.

பக்கத்து மாந்தோப்புக்காரர் மனு கொடுத்திருந்தார். அவள் ஒரு காலத்தில் அவர் தோப்பில் கூலிக்குப் போனவள். அந்தம்மாவுக்கு ஒன்று-ஐந்துதான், மீதியைத் தன் தோப்பிலிருந்து பிடித்துக்கொண்டாள் என்பது அவர் வாதம். ஆறு இருபது என்று ஏட்டில் இருக்கிறதே என்றால், "அது அந்தக் காலத்துல கண்ணால பாத்து எழுதினது. நெலத்துல அவ்ளோ இல்ல, அளந்து பாருங்க" என்றார். நியாயமான பேச்சுதான். நிலத்தில் ஆறு இருபது இருந்தால் நாலு பேர் பங்கு போக அவளுக்கு ஒன்றரை. இல்லையென்றால் போச்சு.

நாங்கள் போன காலையில் கன்னியம்மாள் வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். பின்னால் வேர்க்கடலை பச்சையாக நின்றது.

"சார், பட்டா குடுக்கச்சொல்லோ கல்லு காட்டிக்கினே முன்னால போனாங்க. நானும் பின்னாலயே நடந்துக்கினு போனேன். இப்ப இன்னாடான்னா நெலத்த நான் துன்னுட்டேன்னு சொல்றாரு. கடலய துன்னேன் சார். நெலத்தயா துன்னுவாங்க?"

டி.ஐ. சார் சிரிக்கவில்லை. "அளந்துட்டு சொல்றேன்மா. அதுவரைக்கும் நீயும் பேசாதே, அவரும் பேச வேணாம்" என்றார்.

அகலம் அளந்தோம். சரியாக ஐந்து சங்கிலி. அடுத்து நீளம். முன்னால் செங்கல்ராயன் இழுக்க, பின்னால் முனிரத்தினம் அம்பு பொறுக்கினார். இருவரும் பழுத்த சங்கிலிக்காரர்கள். நான் தூரத்துக் கல்லருகே கொடிக்கம்பு பிடித்து வரிசை பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் தூரத்துக்கு மேல் போயிருப்பார்கள், மண் ரோட்டில் ஜீப் வந்தது. மண்டல வருவாய் அதிகாரி, எம்.ஆர்.ஓ. அந்தக் காலத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாது. ஜீப் வந்தால் கையில் சங்கிலி இருந்தாலும் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். நின்றார்கள். டி.ஐ. சார் ஜீப்பை நோக்கி நடந்தார்.

எம்.ஆர்.ஓ.வுக்கு அன்று கால் தரையில் இல்லை. பெரிய மனிதர் ஒருவர் திருமலைக்கு வருகிறார், ரேணிகுண்டாவில் விமானம் இறங்கும் முன் இவர் மாலையோடு போய் நிற்க வேண்டும். நம் ஜில்லாவில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதி உத்தியோகம் அந்த விமான நிலையத்து வாசலில்தான் கழியும். "இன்னிக்கே முடிச்சுடுங்கண்டி. நான் போறதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார்.

அளவு முடிந்தது. முனிரத்தினம் ஒரு பத்து, கையில் ஓர் அம்பு, மேலே நாற்பது கண்ணி என்றார். பதினொன்று புள்ளி நாற்பது. ஐந்தால் பெருக்கினேன், ஐம்பத்தேழு. புள்ளியை ஓர் இடம் தள்ளினேன், 5.70. பெருக்கலில் தப்பே இல்லை.

ஐந்து எழுபதில் நாலு எழுபது போனால் மீதி ஓர் ஏக்கர். ஒன்று-ஐந்துக்கே ஐந்து சென்ட் குறைந்தது. "அஞ்சு சென்ட் வரப்புல தேஞ்சிருக்கும்" என்று தோப்புக்காரர் பெருந்தன்மையாகச் சொன்னார். எம்.ஆர்.ஓ. கடிகாரத்தைப் பார்த்தார். டி.ஐ. சார் ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பினார்.

"நிலத்துல ஆறு இருபது இல்ல. அஞ்சு எழுபதுதான் இருக்குது. அதனால கன்னியம்மாளுக்கு ஒரு ஏக்கரா அஞ்சு சென்ட்."

சொல்லியாயிற்று. கன்னியம்மாள் அழவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. "அப்போ போரு?" என்று மட்டும் கேட்டாள். தோப்புக்காரர் ஆட்கள் வேலிக்குக் கல்தூணை டிராக்டரிலேயே கொண்டுவந்திருந்தார்கள். கடப்பாரை மண்ணில் இறங்குகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. கணக்கு கணக்குதானே என்று நான் நின்றேன்.

ஜீப் கிளம்பிவிட்டது. டி.ஐ. சார் என் கையிலிருந்த தாளை வாங்கி ஒரு தரம் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"பீயெஸ்ஸி, ஏட்டுக்கும் நெலத்துக்கும் எவ்ளோ வித்தியாசம்?"

"ஐம்பது சென்ட் சார்."

"கரெக்டாவா?"

"சரியா ஐம்பது சார்."

"அகலம் அஞ்சு சங்கிலி. அதுல ஒரே ஒரு சங்கிலி நீளம் எவ்ளோ ஆகும்?"

ஐந்துச் சதுரச் சங்கிலி, அரை ஏக்கர், ஐம்பது சென்ட். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஓட ஆரம்பித்துவிட்டார். அந்த உடம்போடு அவர் ஓடி அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தொப்பி விழுந்தது, குனிந்து எடுக்கவில்லை. வாய்க்கால் சேற்றில் முழங்கால் வரை இறங்கி ஏறி, வளைவில் திரும்பிக்கொண்டிருந்த ஜீப்புக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"ஏமண்டி இது? ஃப்ளைட்டு இறங்கிடும்" என்றார் எம்.ஆர்.ஓ.

"சார், நான் சொன்னது தப்பு. மறுபடி அளக்கணும்."

"இப்பதானே ஊரு முன்னால சொன்னீங்க?"

"அதே ஊரு முன்னாலதான் சார் தப்புன்னும் சொல்லப்போறேன்."

நான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது அவர் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று அவர் சொன்னதை இத்தனை வருஷம் மனசில் வைத்திருக்கிறேன். நிலம் தேய்ந்தால் தாறுமாறாகத் தேயும். இங்கே மூன்று, அங்கே பதினேழு என்று குறையும். மனிதன்தான் முழு எண்ணில் தப்புச் செய்வான். ஒன்று, பத்து, நூறு என்று ஓர் இடத்தையே தொலைப்பான். வித்தியாசம் இவ்வளவு சுத்தமாக வந்தால் அது மண்ணின் குறை இல்லை, எண்ணியவன் குறை. எம்.ஆர்.ஓ. கெட்ட மனிதர் இல்லை, அவசரத்தில் இருந்தவர். அவருக்குப் புரிந்தது, பிடிக்கவில்லை. "அளந்து தொலைங்க. அதே எண்ணு வந்தா உங்களுக்கு மெமோ" என்று சொல்லிவிட்டு விமானத்துக்குக் கிளம்பாமல் ஜீப்பிலேயே உட்கார்ந்தார்.

திரும்பி வந்ததும் டி.ஐ. சார் முதலில் கடப்பாரைகளை நிறுத்தினார். பிறகு எல்லோர் முன்னாலும், "கன்னியம்மா, நான் தப்பா சொல்லியிருக்கலாம். இன்னொரு தரம் அளக்கறேன். இந்தத் தரமும் கொறஞ்சா கொறஞ்சதுதான், என்ன திட்டக் கூடாது" என்றார். தோப்புக்காரர், "ஒரு மணிக்கு ஒரு பேச்சா சார்?" என்றார். "ஆமாய்யா, தப்புன்னு தெரிஞ்சா நிமிஷத்துக்கு ஒரு பேச்சு" என்று இவர் சீறினார்.

சங்கிலி மறுபடி கிளம்பியது. இந்தத் தரம் வரிசை பார்க்க வேறு ஒருவரை நிறுத்திவிட்டு, என்னைப் பின்னால் முனிரத்தினத்தோடு நடக்கச் சொன்னார். பத்தாவது அம்பைப் பிடுங்கினோம். செங்கல்ராயன் கையில் அம்பு இல்லை, எல்லாம் எங்கள் கையில். அவர் பதினோராவது சங்கிலியை இழுத்துக்கொண்டு போய், குத்த அம்பு இல்லாமல் குதிகாலால் மண்ணில் ஒரு கீறல் போட்டார். நாங்கள் போய்ப் பத்து அம்பையும் கொடுத்தோம். வழக்கப்படி அந்தக் கீறல் மேல் உடனே ஓர் அம்பைக் குத்த வேண்டும். முனிரத்தினம் அந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

"சார், இங்கதான். ஜீப்பு வந்துது, சங்கிலிய போட்டுட்டு நின்னோம். அப்புறம் அம்பு குத்தாமயே இழுத்துக்கினு போயிட்டோம்."

அவர் முகம் செத்துவிட்டது. டி.ஐ. சார் அவர் தோளில் தட்டினார். "நீ நின்னது ஜீப்புக்கு. அளவ விட்டுட்டு ஜீப்ப பாத்து போனது நான். குத்து அம்ப."

அம்பு குத்தப்பட்டது. கடைசிக் கல்லருகே போய்ச் சேர்ந்தபோது ஒரு பத்து, கையில் இரண்டு, மேலே நாற்பது கண்ணி. பன்னிரண்டு புள்ளி நாற்பது. ஐந்தால் பெருக்கினால் அறுபத்திரண்டு. 6.20. தாளில் ஆறைப் பெரிதாக எழுதிக் கீழே கோடு போட்டேன்.

பத்து அம்பும் கை மாறுகிற அந்த ஒரு நேரத்தில் எண்ணுகிறவன் கை காலி, மண்ணிலும் ஒரு குறி இல்லை. ஆனால் சங்கிலி ஓடியிருக்கிறது, நிலம் கடந்துவிட்டது. அந்தக் காலியைக் குறித்து வைக்காவிட்டால் ஒரு சங்கிலி காணாமல் போகும். நூற்றுக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் யாரோ சுன்னாவைக் கண்டுபிடித்தது இதற்குத்தான் என்று அன்று வரப்பில் நின்றபோது எனக்குப் புரிந்தது. மூன்று வருஷம் கல்லூரியில் கணிதம் படித்தபோது புரியவில்லை. அதற்கப்புறம் என் சர்வீஸ் முழுக்க, பத்தாவது அம்பு கை மாறும்போது சங்கிலிக்காரர்களை, "பத்து, கை காலி" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தச் சொல்வேன். என்னைக் கிறுக்கு என்றார்கள், சொல்லட்டும்.

உங்களுக்கும் அந்த நேரம் வரும். ரோவரில் பாட்டரி மாற்றுவீர்கள், சிக்னல் விட்டு விட்டு வரும், பெரிய அதிகாரி வண்டியிலிருந்து இறங்குவார், போன் அடிக்கும். கருவி சும்மா இருக்கிற மாதிரித் தெரியும் அந்த இடைவெளியில்தான் தப்பு உள்ளே வரும். அங்கே நின்று ஒரு குறி போடுங்கள். எக்செல்லில் 1.50 என்று அடித்தால் அது கடைசிச் சுன்னாவை விழுங்கி 1.5 என்று காட்டுகிறது என்று ஒரு பெண் என்னிடம் சொன்னாள். கணிதத்தில் இரண்டும் ஒன்றுதானே சார் என்றும் சொன்னாள். கணிதத்தில் ஒன்றுதான் தாயே. வரதய்யபாளையத்தில் ஒன்றில்லை. புள்ளிக்குப் பின்னால் எப்போதும் இரண்டு இலக்கம் வருகிற மாதிரி அமைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் எழுத்தாலும் எழுதுங்கள்.

நான் நன்றி சொல்ல நினைப்பது இதற்கெல்லாம் இல்லை. எண்ணைச் சரிபார்க்கப் பல பேர் கற்றுக்கொடுப்பார்கள். வாயால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கலாம், வாங்கினால் செத்துப் போக மாட்டோம் என்று காட்டியவர் அவர் ஒருவர்தான். அவருக்கு மெமோ வந்தது. எண் மாறியதற்காக இல்லை, விமான நிலையத்துக்கு எம்.ஆர்.ஓ. தாமதமாகப் போனதற்காக. அதை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார், யாரிடமும் புலம்பவில்லை. அதற்குப் பிறகு நானும் மூன்று நான்கு தடவை ஊர் முன்னால், "நான் சொன்னது தப்பு" என்று சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஏட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நேரம் கடத்துவேன். சேற்றுக் காலோடு ஜீப்பை மறித்த மனிதரை நினைத்துக்கொள்வேன், சொல் வந்துவிடும். அவர் இல்லையென்றால் நான் மரியாதையான சர்வேயராக இருந்திருப்பேன், நல்ல சர்வேயராக இருந்திருக்க மாட்டேன்.

கன்னியம்மாள் அன்று என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். டி.ஐ. சார், "ஒன்றரை ஏக்கரா, ஒன்று புள்ளி ஐந்து சுன்னா" என்று உரக்கச் சொன்னார். எம்.ஆர்.ஓ. தலையாட்டிவிட்டுப் போனார், தோப்புக்காரர் ஆட்கள் கல்தூண்களை மறுபடி டிராக்டரில் ஏற்றினார்கள். அவள் கும்பிடவில்லை, நன்றியும் சொல்லவில்லை. யாரையும் பார்க்காமல் நேராக மோட்டார் கொட்டகைக்குப் போனாள். நல்ல வேளை, கரண்ட் இருந்தது. குழாய் இரண்டு தரம் இருமிவிட்டுத் தண்ணீரைத் தள்ளியது.

முழங்கால் வரை சேறு காய்ந்துபோய் நின்ற டி.ஐ. சாரைப் பார்த்து, "வா சார், காலு கழுவு" என்றாள்.

அவர் நகரவில்லை. காலையில்தான் அந்தத் தண்ணீரை அவர் வாயாலேயே இன்னொருவருக்குக் கொடுத்திருந்தார். "வேணாம்மா, ஊருக்குள்ள போய் கழுவிக்கறேன்" என்றார்.

"ஏன் சார், யாரு தண்ணின்னு பாக்கறியா?" என்றாள். "என் தண்ணிதான். நீயே அளந்து சொன்னியே. வா."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் குழாயடியில் நின்றார். குனிந்து வெகுநேரம் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது முகத்தையும் கழுவியிருந்தார்.